ஒரு நாளில் கட்டிய வானூர்தியும் தஞ்சை வான்தளமும்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். வேல்சு நாட்டில் பிராட்டன் என்னும் ஊரிலிருந்த விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங்ஸ் வானூர்தி ஆலையில், ஒரு சனிக்கிழமை காலை, குண்டுவீச்சு வானூர்தி ஒன்றின் முதல் உறுப்பு வெறுந்தரையில் நிறுத்தப்பட்டது. அந்த நொடியிலிருந்து நேரம் எண்ணப்பட்டது. ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர்கள் தங்கள் வார விடுமுறையை விட்டுக்கொடுத்து வேலையில் இறங்கினர். எதிரே படப்பிடிப்புக் கருவி சுழன்றுகொண்டிருந்தது. முப்பது மணி நேரத்தில் முடிப்பது என்பது திட்டம். 23 மணி 50 நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு விரைவில் முடியும் என்று எவரும் எதிர்பாராததால், அதை ஓட்டிப் பார்க்க வேண்டிய வலவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார்கள். தொடங்கி 24 மணி 48 நிமிடம் ஆனபோது எல்.என். 514 என்னும் எண் பூண்ட அந்த வெல்லிங்டன் வானூர்தி வானில் ஏறிவிட்டது.

பிரிட்டனின் செய்தி அமைச்சகம் இதைச் செய்திப்படமாக்கியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஆலை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு குண்டுவீச்சு வானூர்தியைக் கட்டியதாகப் பேச்சு இருந்தது. அதை முறியடிக்க வேண்டும் என்பது வெளிப்படையான நோக்கம். உள்நோக்கங்கள் வேறு. நண்பன் பார்த்து நம்பிக்கை கொள்ள வேண்டும். பகைவன் கேட்டு நெஞ்சம் தளர வேண்டும். நான்காண்டுப் போரில் களைத்துப்போன தொழிலாளிக்குத் தன் கைவேலையின் பெருமை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பரப்புரை என்றாலே பொய் என்று கொள்வது நம்மிடையே வழக்கம். இந்தப் படத்தில் பொய் ஏதும் இல்லை. வானூர்தி மெய், நேரம் மெய், உழைப்பும் மெய். மெய்யான பல எண்களுள் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றவற்றை இருளில் விட்டுவிடுவதுதான் வலிமைமிக்க பரப்புரையின் முறை. அந்த இருளில் நின்ற எண்களையும் அவற்றின் பின்னுள்ள அறிவியலையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இதே வெல்லிங்டன் வகை வானூர்திகள் நம் தஞ்சை மண்ணிலிருந்து பறந்தவை. வானூர்தி வாங்குவதற்காக நம் சென்னை மாகாணத்திலும் பணம் திரட்டப்பட்டது.

முதலில் அந்த ஆலைக்குள் செல்வோம். தூய அலுமினியம் மென்மையானது, கையால் வளைக்கலாம். அதனுடன் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பும், சிறிதளவு மக்னீசியமும் மாங்கனீசும் கலந்தால் டியூராலுமின் என்னும் கலப்பு மாழை (உலோகம்) கிடைக்கிறது. இதன் இயல்பு வியப்புக்குரியது. ஏறத்தாழ 500 பாகை செல்சியசு வரை சூடாக்கித் திடீரென நீரில் அமிழ்த்தினால், எஃகைப் போலக் கடினமாகாமல் மென்மையாகவே வெளிவருகிறது. பிறகு அதை அப்படியே வைத்துவிட்டால், எவரும் தொடாமலேயே, நான்கைந்து நாள்களில் தானாக உறுதி ஏறுகிறது. கரைந்து நின்ற செம்பணுக்கள் மெல்ல நகர்ந்து நுண்ணிய திரள்களாகக் கூடுகின்றன. அணுவடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை அத்திரள்கள் தடுத்து நிறுத்துகின்றன. செருமானிய அறிஞர் ஆல்பிரட் வில்ம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்த உண்மை இது.

இந்த இயல்பு ஆலையின் வேலை ஒழுங்கையே ஆண்டது. வடிவம் கொடுக்க வேண்டிய தகட்டை, குளிர்வித்த ஓரிரு மணி நேரத்துக்குள் வளைத்து முடிக்க வேண்டும், தாழ்த்தினால் வெடிக்கும். ரிவிட் எனப்படும் தறையாணிகளுக்கும் இதே விதிதான். சூடாக்கிக் குளிர்வித்த ஆணிகளைப் பனிக்கட்டியின் குளிரில் வைத்துக் காத்தார்கள். குளிரில் அணுக்களின் நகர்வு மந்தப்படும். உறுதி ஏறுவது தள்ளிப்போகும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஆணியைக் குறித்த நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். ஆக, வானூர்தியில் போய் அமர்ந்த ஒவ்வோர் உறுப்பும் தன் வடிவும் வலிமையும் பெறுவதற்கு முன்பே நாள் கணக்கான நேரத்தைச் செலவழித்திருந்தது. படத்தின் நேரக்கணக்கு அந்த நாள்களை எண்ணவில்லை. எல்லா உறுப்புகளும் அணியமாகி, வரிசையாக அடுக்கப்பட்ட பிறகுதான் அந்தச் சனிக்கிழமை பிறந்தது.

வெல்லிங்டன் வானூர்தியின் உடலமைப்பு வேறு எதையும் போன்றதன்று. அதை வகுத்தவர் பார்ன்ஸ் வாலிஸ். நம் ஊரில் மூங்கிற்பிளாச்சுகளை இடமும் வலமும் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று ஊடுபாவாக விட்டுக் கூடை முடைகிறார்களே, அவ்வாறே டியூராலுமின் சட்டங்களை எதிரெதிர்ச் சுருள்களாக ஓடவிட்டு உடற்கூட்டையும் இறக்கையையும் அவர் அமைத்தார். காற்று இறக்கையை முறுக்கும்போது ஒரு சுருளில் இழுவிசை எழும். அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மறு சுருளில் அமுக்கவிசை எழும். இரண்டும் சந்திக்கும் முடிச்சில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். குண்டு பட்டு ஒரு பகுதி சிதைந்தாலும் சுமை வேறு சட்டங்களின் வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். பெரும் ஓட்டைகளோடு வெல்லிங்டன்கள் தளம் திரும்பியதன் காரணம் இதுவே.

இந்தச் சட்டகத்தின் மேல் போர்த்தியது மாழைத் தகடு அன்று, ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன் துணி. துணியின் மேல் செல்லுலோசுச் சேர்மக் கரைசலைப் பூசுவார்கள். கரைப்பான் ஆவியாகிப் போகப் போகப் பூச்சு சுருங்கும். துணி விறைத்து இறுகும். காற்றும் நீரும் புகாத தோலாகிவிடும். பருத்தி நாரிலிருந்து எடுக்கும் செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தோடு வினைப்படுத்தினால் கிடைப்பது செல்லுலோசு நைட்ரேட்டு. அந்நாளில் திரையரங்குகளில் ஓடிய படச்சுருளின் அடிப்பொருள் அதுதான். பீரங்கிகளில் இட்ட வெடிபஞ்சும் அதே குடும்பம்தான். வானூர்தித் தோலின் பூச்சும், வானூர்தியைப் புகழ்ந்து காட்டிய படச்சுருளும், அது சுட்ட தோட்டாவின் மருந்தும் ஒரே பருத்திச் செல்லுலோசின் வழித்தோன்றல்கள் என்பதை எண்ணிப் பார்க்கையில், போர் ஒரு நாட்டின் வேதித் தொழிலை எவ்வளவு ஆழமாக உறிஞ்சுகிறது என்பது விளங்கும். போர்க்காலத்தில் இந்தியாவில் படச்சுருளுக்குக் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டதும், திரைப்படங்களின் நீளத்துக்கு அரசு வரம்பு கட்டியதும் இதனோடு சேர்த்து நினைக்கத் தக்கவை.

இனி, வேகத்தின் கணக்கு. அமெரிக்காவின் கர்ட்டிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தியோடர் ரைட் என்னும் பொறியாளர் 1936இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே வகை வானூர்தியை மீண்டும் மீண்டும் கட்டும்போது, மொத்த எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் தேவைப்படும் உழைப்பு நூற்றுக்கு எண்பதாகக் குறைகிறது என்று அதில் காட்டினார். முதல் வானூர்திக்கு 100 அலகு உழைப்பு எனக் கொண்டால் இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, எட்டாவதற்கு 51. இப்படியே இறங்கி ஆயிரமாவது வானூர்தியை எட்டும்போது ஏறத்தாழ 11 அலகு போதும். கை பழகுகிறது; கருவிகள் திருந்துகின்றன; தேவையற்ற அசைவுகள் கழிகின்றன. எல்.என். 514 வெளிவந்தது ஆயிரக்கணக்கான வெல்லிங்டன்களைக் கட்டிப் பழகிய கைகளிலிருந்து. அந்த ஆண்டுகளின் பழக்கம் முழுவதும் அந்த ஒரு நாளுக்குள் அடங்கியிருந்தது. முதல் வெல்லிங்டனை ஒரு நாளில் கட்டியிருக்க எவராலும் இயலாது.

இதைவிட முதன்மையானது வேறொரு கணக்கு. பிராட்டன் ஆலை 1939 முதல் 1945 வரை, ஏறத்தாழ ஆறாண்டுகளில், 5,540 வெல்லிங்டன்களைக் கட்டியது. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டரை. அதாவது ஒன்பது, பத்து மணி நேரத்துக்கு ஒரு வானூர்தி. எந்தப் படப்பிடிப்பும் இல்லாத நாள்களிலும் அந்த ஆலையின் கதவு வழியே சராசரியாகப் பத்து மணிக்கு ஒன்று வெளியேறிக்கொண்டே இருந்தது. அப்படியானால் இருபத்துநான்கு மணி நேரச் சாதனை எதை அளந்தது? ஒரு வானூர்தி கட்டுதளத்தில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதை அளந்தது. ஆலையின் ஆற்றலைக் காட்டுவதோ எத்தனை நேரத்துக்கு ஒன்று வெளிவருகிறது என்பது. இவை இரண்டும் வெவ்வேறு அளவுகள். தளத்தில் நிற்கும் வானூர்திகளின் எண்ணிக்கை, வெளிவரும் விகிதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. பத்து மணிக்கு ஒன்று வெளிவர, ஒவ்வொன்றும் பத்து நாள் தளத்தில் தங்குமானால், எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் இருபத்துநான்கு வானூர்திகள் பல்வேறு நிலைகளில் நிற்கும். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் இவ்விதியைக் கணித முறைப்படி மெய்ப்பித்தார்.

ஒரே ஒரு வானூர்தியைச் சுற்றி ஆட்களைக் குவித்தால் அது விரைவில் முடியும். அதனால் அந்த வாரத்தின் மொத்த எண்ணிக்கை கூடிவிடாது. ஆயினும் திரையில் காட்ட உகந்தது அந்த ஒன்றுதான். பத்து மணிக்கு ஒன்று என்பது விகிதம். விகிதத்தைப் படம் பிடிக்க இயலாது. வெறுந்தரையில் எழுந்து மறுநாள் வானில் ஏறும் ஒற்றை வானூர்தியைப் படம் பிடிக்கலாம். அது கதையாகிறது.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இதே போட்டிதான். 1940 மே 16 அன்று குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டு, ஆண்டுக்கு 50,000 வானூர்தி கட்டும் ஆற்றல் வேண்டும் என்று அறிவித்தபோது உலகம் அதை மிகைக்கூற்று என்றே கருதியது. 1944இல் அமெரிக்கா கட்டியவை 96,000க்கும் மேல். மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்னுமிடத்தில் ஃபோர்டு நிறுவனம் எழுப்பிய ஆலை, மணிக்கு ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்தி என்ற புகழைப் பெற்றது. 1944இல் அது மெய்யாகவும் ஆயிற்று. அதற்கு முந்தைய தடுமாற்றங்கள் செய்திப்படங்களில் இடம்பெறவில்லை. மகிழுந்து கட்டும் முறையை வானூர்திக்கு அப்படியே பொருத்த முயன்று, வரைபடங்கள் மாறிக்கொண்டே இருந்ததால் ஆலை தடுமாறிய காலம் ஒன்று இருந்தது. எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. பயிற்சிக்கான சிறு வானூர்தியும் ஒன்று, நான்கு பொறிகள் பூண்ட குண்டுவீச்சு வானூர்தியும் ஒன்று என எண்ணினால் கணக்கு பிழைபடும். ஆகவே அமெரிக்கத் திட்ட வல்லுநர்கள் உள்ளுக்குள் உடற்கூட்டின் எடையைக் கொண்டே உற்பத்தியை அளந்தனர். மக்களுக்குச் சொன்னது தலைக்கணக்கு.

செருமனியின் நிலை இதற்கு மறுதலையானது. அந்நாடு மிகுதியான வானூர்திகளைக் கட்டிய ஆண்டு, வெற்றி பெற்றுக்கொண்டிருந்த 1940 அன்று, வீழ்ந்துகொண்டிருந்த 1944. அவ்வாண்டில் ஏறத்தாழ 40,000. ஆல்பர்ட் சுபேரின் அமைச்சகம் இந்த எண்ணைக் காட்டியே படைக்கல உற்பத்தியின் அருஞ்செயல் என்று நாட்டு மக்களை நம்பவைத்தது. 1944 மே முதல் செயற்கை எரிநெய் ஆலைகள் குண்டுக்கு இரையாயின. எரிநெய் இல்லாததால் புதிய வலவர்களுக்குப் பயிற்சிப் பறத்தல் குறைக்கப்பட்டது. கட்டிய வானூர்திகள் தரையில் நின்றன. எண் மெய், வலிமை இல்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தஞ்சை நகரின் தென்மேற்கே, புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி, 1940இல் பிரித்தானியர் ஓர் ஓடுதளம் அமைத்தனர். 1942 ஏப்ரலில் கொழும்பும் திரிகோணமலையும் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை அஞ்சி ஊரைக் காலி செய்தது. வங்கக் கடலில் செல்லும் கப்பல்களைக் காப்பதும், நீர்மூழ்கிகளைத் தேடுவதும் உயிர்நிலைப் பணிகளாயின. பிரித்தானிய வான்படையின் 36ஆம் எண் படைப்பிரிவு, சிங்கப்பூரில் பழைய இருதள வானூர்திகளோடு நின்று, 1942 சனவரியில் மலேயாவின் எண்டாவ் கடற்கரைத் தாக்குதலில் நொறுங்கியது. எஞ்சியோர் சாவகத் தீவில் (ஜாவா) சிறைப்பட்டனர். அதே எண் தாங்கிய படைப்பிரிவு 1942 அக்டோபர் 22 அன்று தஞ்சாவூரில் புதிதாக உருவாக்கப்பட்டது. அதற்குத் தரப்பட்டவை வெல்லிங்டன்கள். 1943 சூனில் நடுநிலக்கடல் பகுதிக்கு மாறிச் செல்லும்வரை அவை கிழக்குக் கரையைக் காவல் புரிந்தன.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாடு வழியாகத் தஞ்சைக்குப் போகிறவர்கள் கல்லணைக் கால்வாயை அறிவார்கள். புதாறு என்று மக்கள் அழைப்பது அதைத்தான். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அந்தக் கால்வாய் இப்பகுதியின் மேட்டுநிலங்களை நெல்வயலாக்கியது. போர் வந்தபோது அந்த நெல் வேறொரு பொருள் பெற்றது. பர்மா வீழ்ந்ததால் அரிசி வரவு நின்றுவிட்டது. மிகுதியாக விளைவிப்பீர் என்ற அரசின் பரப்புரை, ஆலைத் தொழிலாளிக்குச் சொன்ன அதே மொழியில் உழவனிடமும் பேசியது. அங்கே வானூர்தி எண்ணிக்கை, இங்கே ஏக்கர் எண்ணிக்கை. 1943இல் வங்கத்தில் பட்டினியால் இறந்த ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் எந்தச் செய்திப்படத்தின் கணக்கிலும் வரவில்லை. இதைச் சினத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்நாட்டின் வெயிலும் மழையும் வானூர்திக்குப் புதிய தேர்வுகளை வைத்தன. கதிரவனின் புற ஊதாக் கதிர் லினன் இழைகளை அரிக்கும். அதைத் தடுக்கவே பூச்சில் அலுமினியத் தூளைக் கலந்து வெள்ளி நிறமாக்கும் வழக்கம் தோன்றியது. மரப்பலகைகளை ஒட்டிக் கட்டிய மொசுக்கிட்டோ என்னும் விரைவு வானூர்தி இந்தியாவுக்கு வந்தபின், 1944இல், இறக்கை ஒட்டுகள் விட்டுப்போய் நேர்ந்த விபத்துகளால் அவ்வகை முழுவதையும் தரையில் நிறுத்தி ஆராய வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் ஆலைக்கதவில் எண்ணிய வானூர்தியும், இந்திய வான்தளத்தில் நாளைக் காலை பறக்கத்தக்க வானூர்தியும் ஒன்றல்ல. போரிடும் படைத்தலைவனுக்கு வேண்டியது இரண்டாம் எண்.

பணத்தின் கதை இதனினும் நெருக்கமானது. 1940 மே மாதம் பிரிட்டனின் வானூர்தி உற்பத்தி அமைச்சரானவர் பீவர்புரூக் பிரபு, செய்தித்தாள் முதலாளி. எண்ணை எப்படிச் செய்தியாக்குவது என்பதை அவரை விட அறிந்தவர் அந்த அமைச்சரவையில் இல்லை. சுபிட்பயர் போர் வானூர்தி ஒன்றின் விலை 5,000 பவுண்டு என்று ஒரு வட்டத் தொகையை அறிவித்தார். உண்மை அடக்கவிலை அதனினும் மிகுதி. 5,000 பவுண்டு தருகிறவர் விரும்பும் பெயர் வானூர்தியின் மேல் எழுதப்படும். உறுப்புகளுக்கும் விலைப்பட்டியல் வந்தது: ஓர் இறக்கை 2,000 பவுண்டு, ஒரு தறையாணி ஆறு பென்சு. அந்நாளைய செலாவணியில் ஆறு பென்சு என்பது நம் ஐந்து அணா நான்கு பை. வானூர்தி முழுவதும் ஏறத்தாழ 66,667 ரூபாய். எளியவனும் ஓர் ஆணியை வாங்கித் தனக்கும் அந்தப் போருக்கும் இடையே உறவு பூணலாம். பரப்புரையின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான விலைப்பட்டியல் இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

சென்னை மாகாணத்தில் ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் ஆளுநர் போர்நிதி திரட்டப்பட்டது. பிரித்தானிய வான்படையின் 79, 234, 264ஆம் எண் படைப்பிரிவுகள் மூன்றும் ‘சென்னை மாகாணம்’ என்ற அடைமொழியை ஏற்றன. ஐதராபாத்து நிசாமின் கொடையால் அவ்வரசின் பெயரைத் தாங்கிய படைப்பிரிவுகளும் இருந்தன. மாகாணத்தின் பெயரைப் பூண்ட வானூர்திகள் எத்தனையோ ஆயிரம் கல்லுக்கு அப்பால் பிரிட்டனின் வானத்தில் போரிட்டன. 79ஆம் பிரிவு பின்னர் இந்தியாவுக்கு வந்து பர்மாப் போர்முனையில் பறந்தது.

அதே 1940இல் காங்கிரசு தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. அக்டோபர் 17 அன்று வினோபா பாவே முதல் அறப்போராளியாக நின்றார். பிரித்தானியரின் போருக்கு ஆளாலோ பணத்தாலோ துணைசெய்வது தவறு என்று பொதுவிடத்தில் உரைப்பதே அந்த அறப்போரின் வடிவம். இராசாசி உட்பட மாகாணத் தலைவர்கள் சிறை ஏகினர். ஒருபுறம் ஆணிக்கு ஐந்து அணா கேட்ட குரல், மறுபுறம் அதைக் கொடாதே என்ற குரல். நடுவில் நின்றவன் உழவனும் சிற்றூர் வணிகனும். நிதி திரட்டும் பொறுப்பு வருவாய்த்துறை அலுவலர்களின் கைக்கு வரும்போது விருப்பக்கொடை என்ற சொல்லின் பொருள் எவ்வளவு சுருங்கிவிடும் என்பதை ஊர்ப்புறத்தை அறிந்தவர் எவரும் உணர்வர்.

இங்கிலாந்தில் 1940 சூலையில் அலுமினியப் பாத்திரங்களைத் தாருங்கள், அவற்றைப் போர் வானூர்தியாக்குவோம் என்ற வேண்டுகோள் எழுந்தது. அடுக்களைகள் காலியாயின. டியூராலுமின் இயல்பை அறிந்த நமக்கு இதன் இடர் உடனே விளங்கும். பாத்திரத்தில் உள்ள அலுமினியத்தில் இரும்பும் சிலிக்கனும் எந்த அளவில் கலந்துள்ளன என்று தெரியாது. நூற்றில் ஒரு பங்கு மாறினாலும் உறுதியும் முறிவும் மாறும் பொருள் அது. தூய்மைப்படுத்தி, அளந்து, மறுபடியும் கலக்காமல் இறக்கைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அந்த வேண்டுகோள் திரட்டியது மாழையைவிட மன உறுதியைத்தான். இந்தியாவின் நிலையோ வேறு. அலுமினியப் பாத்திரத் தொழில் சென்னையில், ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றியிருந்தது. ஆனால் அலுமினியத்தை உருக்கிப் பிரிக்கும் ஆலை இந்நாட்டில் முதன்முதலாக இயங்கியது 1943இல்தான். கேரளத்தின் ஆலுவாயை அடுத்த அலுப்புரத்தில். அதுவரை வானூர்திக்கான அலுமினியம் முழுவதும் கடல் கடந்தே வர வேண்டியிருந்தது.

திரைக்கும் வானொலிக்கும் நம் பகுதியில் பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. போர் வெடிக்கச் சில மாதங்களே இருந்தன. காவிரிப் படுகையின் ஊர்களுக்கு அதன் தமிழ்ச்செய்தி எட்டியது. 1943இல் இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா என்னும் அரசு அமைப்பு உருவாயிற்று. ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்பிய படங்களைக் கட்டாயம் திரையிட வேண்டும் என்று இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் திரையரங்குகளுக்கு ஆணையிடப்பட்டது. 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘பர்மா ராணி’, பர்மாவில் பகைவர் நடுவே சிக்கிய இந்திய வானூர்தி வீரர்களின் கதை. இயக்கியவர் டி.ஆர். சுந்தரம். பாபநாசத்துக்காரரான கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’ படமும் அதே ஆண்டில் அதே போர்ச்சூழலில் பிறந்தது. விடுதலை உணர்வு கொண்ட சுப்பிரமணியம் போன்றோரும் இத்தகைய படங்களை எடுக்க நேர்ந்ததை எளிதாகப் பழித்துவிடக் கூடாது. படச்சுருளின் பங்கீடு அரசின் கையில் இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே, பரப்புரைக்கு உகந்ததல்லாத ஒரு பெரும்பணி பெங்களூரில் நடந்தது. தொழில் முனைவர் வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பர் 23 அன்று, மைசூர் அரசின் துணையோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். வில்லியம் பாலி என்னும் அமெரிக்கர் உடனிருந்தார். ஹார்லோ பயிற்சி வானூர்தி 1941 ஆகஸ்டில் பறந்தது. கர்ட்டிஸ் ஹாக் போர் வானூர்தி 1942 சூலை இறுதியில் பறந்தது. இந்தியாவில் கட்டிய வானூர்தி என்ற முழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் வேறில்லை. ஆனால் ஜப்பானியர் வாயிலுக்கு வந்துவிட்ட 1942இல் இந்திய அரசு வால்சந்தின் பங்கை வாங்கிக்கொண்டது. புதியன கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. 1943இல் ஆலை அமெரிக்க வான்படையின் பொறுப்பில் வந்து, 84ஆம் வான் பணிமனை ஆயிற்று. கேட்டலினா என்னும் கடல் வானூர்தியில் தொடங்கி, இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பலவகை வானூர்திகள் அங்கே கழற்றிப் பூட்டப்பட்டன.

கழற்றிப் பூட்டுதல் என்று ஒரு தொடரில் சொல்லிவிடலாம். அதன் நுட்பம் சிறிதன்று. ஒரு பொறியை முற்றிலும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் கழுவி, தேய்மானத்தை நுண்ணளவுக் கருவியால் அளப்பார்கள். எஃகு உறுப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டறிய அக்காலத்துப் பணிமனைகளில் ஓர் அழகிய முறை வழங்கியது. உறுப்பைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத்தூள் கலந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றுவார்கள். வெடிப்பு இருக்குமிடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். தூள் அங்கே ஓடிச் சேர்ந்து மயிரிழைபோல ஒரு கோடு வரையும். அந்தக் கோட்டைக் கண்ட தொழிலாளி உறுப்பை ஒதுக்கி வைப்பான். நடுவானில் முறிந்திருக்க வேண்டிய தண்டு மேசைமேலேயே நின்றுவிடும். காப்பாற்றப்பட்ட உயிர்களின் கணக்கு எவர் ஏட்டிலும் ஏறாது.

எண்ணிப் பாருங்கள். ஒரு படையில் நூறு வானூர்திகள் உள்ளன. நாற்பது பழுதுபட்டு நிற்கின்றன. பழுதுபார்க்கும் திறன் வளர்ந்து அந்த நாற்பது இருபதாகக் குறைந்தால், பறக்கத்தக்கவை அறுபதிலிருந்து எண்பதாகும். ஒரு புதிய ஆணிகூட அடிக்காமல் இருபது வானூர்திகள் கூடின. எந்த ஆலைக்கதவிலும் அவை எண்ணப்படவில்லை. பெங்களூர் போரிடுவோருக்கு அளித்தது இதை. நமக்கு அளித்தது இன்னும் பெரியது: உலகின் பலவகை வானூர்திகளின் உள்ளுறுப்புகளைக் கையால் தொட்டறிந்த ஒரு தொழில் தலைமுறை. 1942 இறுதியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கிற்று. வி.எம். காட்டகே அதை முன்னின்று நடத்தினார். அவர் வகுத்த எச்.டி.-2 பயிற்சி வானூர்தி 1951 ஆகஸ்டில் பறந்தது. விடுதலை பெற்ற நாட்டின் வலவர்கள் பல்லாண்டுகள் அதில் பயின்றனர். ஒரு நாளில் கட்டிய வானூர்தியைவிடப் பத்தாண்டில் பழகிய இந்தக் கைகளையே நான் உயர்ந்த சாதனையாகக் கொள்கிறேன்.

தஞ்சை ஓடுதளம் பல்லாண்டு ஓய்ந்து கிடந்து, 2013இல் இந்திய வான்படையின் நிலையமாயிற்று. 2020 சனவரி 20 முதல் சுகோய் 30 வகைப் போர் வானூர்திகளின் 222ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டுள்ளது. அவ்வகை வானூர்திகளை இந்தியாவில் கட்டியது அதே பெங்களூர் நிறுவனத்தின் வழிவந்த ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். இன்றும் உற்பத்தி எண்கள் மேடைகளில் முழங்கப்படுகின்றன. அவற்றைக் கேட்கும்போது எத்தனை கட்டினோம் என்பதோடு, அவற்றுள் எத்தனை இன்று பறக்கும் நிலையில் உள்ளன என்றும் கேட்பது குடிமக்களின் உரிமை.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டங்களில் உள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் நம் மக்கள் கொடுத்ததும் அவர்களிடம் வாங்கியதும் எவ்வளவு, யாரிடம், எந்த முறையில் என்ற கணக்கு முறையாக எழுதப்பட வேண்டும். உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளில் போர்நிதிப் பற்றுச்சீட்டோ, நிதி திரட்டிய துண்டறிக்கையோ, தஞ்சை வான்தளத்தில் கூலிவேலை பார்த்தவர்களின் தாள்களோ, பெங்களூர்ப் பணிமனையில் பணியாற்றிய பெரியவர்களின் சான்றுகளோ இருந்தால் எரித்துவிடாதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். படியெடுத்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ சேர்ப்பியுங்கள். அக்காலத்தை நேரில் கண்ட மூத்தோர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், அவர் சொல்வதை இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்து வையுங்கள்.